ராக்-ஓலா கார்பைனில் இன்லேண்டு போல்ட்: மாற்றலாமா?

2021 பிப்ரவரி 6, காலை (கேள்வி)

ஒஹையோவில் இருக்கிறேன். போன மாதம் ஒரு பெரியவர் காலமான வீட்டில் சாமான்களை விற்றார்கள். அங்கே ஒரு எம்1 கார்பைன், அதாவது இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவத்தின் சின்ன ரைபிள், வாங்கினேன். ரிசீவரின் (மற்றப் பாகங்களைத் தாங்கும் உடல்) பின்பக்கம் ராக்-ஓலா என்று கம்பெனி பெயர் பொறித்திருக்கிறது. ஆனால் போல்டில் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் பாகம்) இன்லேண்டு கம்பெனி எழுத்து, ஹேமரில் (சுத்தி போல அடிக்கும் பாகம்) அண்டர்வுட் கம்பெனி எழுத்து, ஸ்லைடு (போல்டை நகர்த்தும் பாகம்) வேறு யாருடையதோ. "இது கதம்பம். எல்லாவற்றையும் ராக்-ஓலா பாகங்களாகத் தேடி வாங்கி மாற்றிவிடு, நல்ல விலைக்குப் போகும்" என்று கன் ஷோவில் (துப்பாக்கிச் சந்தையில்) ஒருவர் சொன்னார். அதுதான் முறை என்று எனக்கும் தோன்றுகிறது. அசல் நிலைக்குக் கொண்டுவருவதில் என்ன தவறு?

2021 பிப்ரவரி 6, இரவு (பதில், இனி வருவதெல்லாம் என்னுடையது)

மாற்றாதீர்கள். முதலில் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுங்கள். எதில் என்ன எழுத்து இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். படம் எடுப்பதற்காகப் பிரித்தால், எடுத்தது எடுத்த இடத்துக்கே திரும்பட்டும். மற்றதை நாளை எழுதுகிறேன்.

2021 பிப்ரவரி 7

"அசல் நிலை" என்று எதைச் சொல்கிறோம் என்பதுதான் பிரச்சினை. அதற்கு இந்தத் துப்பாக்கி எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1941 அக்டோபரில் அமெரிக்க ராணுவம் எம்1 கார்பைனை ஏற்றுக்கொண்டது. லாரி ஓட்டுபவர், வயர்லெஸ் ஆள், பீரங்கிப் படையினர் ஆகியோருக்குக் கைத்துப்பாக்கி போதாது, காலாட்படையின் நாலேகால் கிலோ காரண்டு ரைபிள் அதிகம். இடையில் இரண்டரை கிலோவுக்கும் குறைவாக ஒன்று வேண்டும் என்றார்கள். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் அறுபது லட்சத்துக்கும் மேல் செய்து முடித்தார்கள். அந்தப் போரில் அமெரிக்கா செய்த துப்பாக்கிகளில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்குத்தான்.

செய்தவர்கள் யார் என்று பாருங்கள். பத்து முதன்மை ஒப்பந்தக்காரர்கள். அவர்களில் துப்பாக்கியே தொழிலாக இருந்தது வின்செஸ்டர் ஒன்றுதான், சுமார் 8,28,000. மீதி எல்லாம் வேறு தொழில்காரர்கள். டேட்டனில் இருந்த இன்லேண்டு, ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு. 1920-களில் கார் ஸ்டியரிங் சக்கரத்துக்கு மர வளையம் செய்து ஆரம்பித்தவர்கள், கார்பைனில் 26 லட்சம் செய்தார்கள். சாகினா, பெயரே ஸ்டியரிங் கியர், 5,17,000. அண்டர்வுட் டைப்ரைட்டர் கம்பெனி, 5,45,000. நேஷனல் போஸ்டல் மீட்டர், தபால் முத்திரை இயந்திரக்காரர்கள், 4,13,000. ஐபிஎம் 3,46,500. ஆமாம், அதே ஐபிஎம்தான். சிகாகோவின் குவாலிட்டி ஹார்ட்வேர் 3,59,000. ஒஹையோ போர்ட் கிளின்டனில் கார் பாகங்கள் செய்த ஸ்டாண்டர்டு ப்ராடக்ட்ஸ் 2,47,000. உங்கள் ராக்-ஓலா 2,28,500.

ராக்-ஓலா என்றதும் ராக் இசையிலிருந்து வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த இசை பிறப்பதற்கு வெகு முன்பே வந்த பெயர் அது. முதலாளியின் பெயர் டேவிட் ராக்கோலா, கனடாவில் பிறந்தவர். காசு போட்டால் எடை காட்டும் மெஷினில் ஆரம்பித்தார். நம் ஊர் ரயில் நிலையத்தில் விளக்கு மின்ன நிற்குமே, அந்த வகை. அப்புறம்தான் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ். அந்த ஆட்கள்தான் 1942-க்குப் பிறகு உங்கள் கையில் இருக்கும் ரிசீவரைக் கடைந்தார்கள்.

பத்தாவது பெயர் இர்வின்-பெடர்சன். கிராண்டு ராப்பிட்ஸில் நாற்காலி மேசை செய்த குடும்பமும் ஜான் பெடர்சன் என்ற துப்பாக்கி வடிவமைப்பாளரும் சேர்ந்து தொடங்கியது. ஆலை தடுமாறியது. 1943-ல் ஒப்பந்தத்தை எடுத்து சாகினாவிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெயர் பொறித்த ரிசீவர் மிகச் சில ஆயிரம்தான் இருக்கிறது. அதனாலேயே இன்று சேகரிப்பாளர்கள் அதற்கு அலைகிறார்கள். போலியும் அதில்தான் அதிகம்.

2021 பிப்ரவரி 7, இரவு

என் வேறொரு இழையில் இவற்றை "ஆன்டிக்" என்று எழுதியிருந்ததை ஒருவர் சுட்டிக்காட்டினார். சரிதான். அமெரிக்கச் சட்டத்தில் ஆன்டிக் என்றால் 1898 வரை செய்தது மட்டும். எம்1 கார்பைன் அந்தக் கணக்கில் வராது. ஐம்பது வருடம் கடந்ததால் "அரும்பொருள், நினைவுச்சின்னம்" என்ற தனி வகையில் வருகிறது. அதற்கென்று சேகரிப்பாளர் உரிமம் தனியாக உண்டு. நான் அதை எடுத்திருக்கிறேன். ஆனால் அந்த உரிமம் மத்திய அரசுடையது. உங்கள் மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்டவருக்கு: இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம் முற்றிலும் வேறு. இங்கே நான் எழுதுவதை அங்கே பொருத்திப் பார்க்கவே வேண்டாம்.

2021 பிப்ரவரி 9

இப்போது கதம்பத்துக்கு வருவோம். ராணுவக் கிடங்கில் பழுது பார்த்தபோதுதான் பாகங்கள் கலந்தன என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. பல துப்பாக்கிகள் ஆலையை விட்டு வெளியே வந்த அன்றே கதம்பம்தான்.

பத்து கம்பெனிகளுக்கும் பொதுவாக ஒரு ஒருங்கிணைப்புக் குழு இருந்தது. ஒரு ஆலையில் குழல் மிஞ்சி இன்னொரு ஆலையில் குழல் இல்லாமல் வேலை நின்றால், மிஞ்சியதைத் தூக்கி அங்கே அனுப்பிவிடுவார்கள். துப்பாக்கி நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அண்டர்வுட் குழல்கள் மற்றவர்களின் துப்பாக்கிகளில் அவ்வளவு கிடைப்பதற்கு இதுதான் காரணம். குவாலிட்டி ஹார்ட்வேர் தானே செய்தது ரிசீவர் மட்டும்தான், மற்றவை எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. ரிசீவர்கூட முழுக்கச் சொந்தமில்லை. ரயில்வே சிக்னல் செய்யும் யூனியன் ஸ்விட்ச் கம்பெனியின் கார்பைன் ஒப்பந்தம் ரத்தானபோது, அவர்கள் செய்த ரிசீவர்கள் குவாலிட்டிக்கு வந்தன. அவற்றில் குவாலிட்டி என்ற பெயருக்கு முன்னால் யூனியனைக் குறிக்க "யுஎன்" என்று இரண்டு எழுத்து இருக்கும். ஐபிஎம் ரிசீவர்களில் சிலவற்றில் வரிசை எண்ணுக்குக் கீழே "ஏஓ" என்று இருக்கும், ஆட்டோ-ஆர்டனன்ஸ் செய்து கொடுத்தது.

எழுத்துகளைப் படிக்கவும் பொறுமை வேண்டும். எஸ் மட்டும் இருந்தால் ஸ்டாண்டர்டு ப்ராடக்ட்ஸ். எஸ், ஜி இரண்டுக்கும் பக்கத்தில் புள்ளி இருந்தால் சாகினா ஊரின் ஆலை. புள்ளிக்குப் பதில் மேலே சிறு கோடு இருந்தால் இர்வின்-பெடர்சனிடமிருந்து சாகினா கைக்கு வந்த கிராண்டு ராப்பிட்ஸ் ஆலை. எழுபத்தைந்து வருட எண்ணெயும் தேய்மானமும் ஏறிய இரும்பில் புள்ளிக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் காண்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும்.

2021 பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

கட்டை, அதாவது துப்பாக்கியைத் தாங்கும் மரப் பகுதி, அதைப் பற்றிச் சொல்ல மறந்தேன். பேஸ்பால் மட்டை செய்யும் லூயிஸ்வில்காரர்கள் கார்பைன் கட்டையும் செய்தார்கள். மரம் தெரிந்தவன் மரத்தைச் செய்தான்.

2021 பிப்ரவரி 13

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக "மாற்றாதே" என்கிறேன் என்று ஒருவர் கேட்டார். நான் மாற்றினேன். அதனால்தான்.

2013-ல் ஒரு கன் ஷோவில் எண்ணூறு டாலருக்கு ஸ்டாண்டர்டு ப்ராடக்ட்ஸ் கார்பைன் ஒன்று வாங்கினேன். என் முதல் கார்பைன். குழல் அண்டர்வுட், 9-43 (1943 செப்டம்பர்) என்று தேதி. போல்ட் வின்செஸ்டர். ஹேமர், ஸ்லைடு இரண்டும் வெவ்வேறு கம்பெனி. அன்றைக்கு எனக்கு எழுத்துகளின் பட்டியல் மட்டும்தான் தெரியும். பட்டியல் தெரிந்தவுடன் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். எட்டு மாதம் அலைந்து எஸ் எழுத்துப் போட்ட போல்ட், ஹேமர், ஸ்லைடு வாங்கினேன். பாகங்களுக்கு மட்டும் இருநூற்றைம்பது டாலருக்கு மேல் போனது. கழற்றிய பழைய பாகங்களை இன்னொரு ஷோவில் ஒரு மேசைக்காரரிடம் மொத்தமாக விற்றேன், நாற்பது டாலர்.

குழலையும் மாற்றச் சொல்லி ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) போனேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதைக் கழற்றியதற்கான அடையாளமே இல்லையே, ஆலையில் போட்ட குழலாகத்தான் தெரிகிறது, ஏன் எடுக்கச் சொல்கிறாய்?" என்றார். அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஸ்டாண்டர்டு ப்ராடக்ட்ஸுக்கு அண்டர்வுட் குழல் சாதாரணம் என்று அதற்கப்புறம்தான் படித்தேன். அப்படியானால் நான் கழற்றி விற்ற வின்செஸ்டர் போல்ட்? அதுவும் 1943-ல் போர்ட் கிளின்டனில் அந்தப் பெண்களில் ஒருத்தி கையால் போட்டதாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இனி யாராலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஒரே சாட்சியை நாற்பது டாலருக்கு அனுப்பிவிட்டேன்.

இன்று அந்தத் துப்பாக்கியைப் பார்க்கிறவர்கள் "பரவாயில்லையே, எல்லாம் ஒரே எழுத்து" என்கிறார்கள். நான் செய்து வைத்த பொய் அது என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

2021 பிப்ரவரி 14

நேற்று "பொய்" என்று எழுதியது கடுமை என்று நண்பர் ஒருவர் சொன்னார். யோசித்தேன். அந்தச் சொல்லை மாற்றப் போவதில்லை. ஆனால் இதையும் சேர்க்க வேண்டும்: பாகங்களை மாற்றி, மாற்றினேன் என்று எழுதி வைத்து, கழற்றியதை ஒரு பையில் போட்டு அதே துப்பாக்கியோடு வைத்திருக்கிறவரை நான் குறை சொல்லவில்லை. அவர் நாளைக்கே பழையபடி ஆக்கலாம். நான் விற்றதுதான் தவறு.

"அந்தப் பெண்கள்" என்று எழுதியது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். போர்க்கால ஆலைகளில் பெண்கள் பெருந்திரளாக வேலை செய்தார்கள். டேட்டனில் என் தெருவில் இருந்த ஒரு பாட்டியின் அம்மா இன்லேண்டில் வேலை பார்த்தவர். என்ன பாகம் செய்தார் என்று பாட்டிக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வரும்போது அம்மாவின் கையில் எண்ணெய் வாசனை வரும் என்பது மட்டும் நினைவிருந்தது. என் இன்லேண்டு கார்பைனை அவரிடம் காட்டினேன். ரிசீவரின் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். கட்டையைத் தொடவில்லை.

2021 பிப்ரவரி 20

ஒரு விஷயம் என் வேலையிலிருந்து. கோவையில் பம்ப் பட்டறையில் கைப் பழக்கம் பெற்றவன் நான். அங்கே நான் சேர்ந்த புதிதில் ஒரு பம்பின் பாகம் இன்னொன்றில் அப்படியே உட்காராது. அரம் எடுத்து நாலு இழுப்பு இழுத்துத்தான் உட்கார வைப்போம். நல்ல கைக்காரன் என்றால் அரம் பிடிக்கத் தெரிந்தவன் என்று அர்த்தம்.

கார்பைனைப் பிரித்துப் பார்த்த முதல் நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. டைப்ரைட்டர் ஆலை ஹேமர், ஸ்டியரிங் ஆலை போல்ட், ஜூக்பாக்ஸ் ஆலை ரிசீவர். அரம் படாமல் உட்கார்ந்து சுடுகிறது. ஆலைகளுக்கு இடையே நூற்றுக்கணக்கான மைல். அத்தனை பேரும் ஒரே வரைபடத்தையும் ஒரே கோ-நோகோ கேஜையும் (பாகத்தின் அளவு சரியா தவறா என்று காட்டும் கருவி) நம்பி வேலை செய்திருக்கிறார்கள். துப்பாக்கியே செய்திராத ஆட்கள், ஒன்றிரண்டு வருடத்துக்குள். கதம்பமாக இருப்பதுதான் இந்தத் துப்பாக்கியின் சாதனை. அதை ஒரே எழுத்தாக மாற்றும்போது அந்தச் சாதனைக்கான சான்றைத்தான் அழிக்கிறோம்.

2021 பிப்ரவரி 21

பொருத்தம் இவ்வளவு பெரிது என்றால் இர்வின்-பெடர்சன் ஏன் தோற்றது என்று கேட்டவருக்கு: நியாயமான கேள்வி. எல்லோராலும் முடியவில்லை. நேற்று "அத்தனை பேரும்" என்று எழுதியதில் அவர்களைச் சேர்க்கக் கூடாது.

2021 பிப்ரவரி 27

கொஞ்சம் விலகிப் போகிறேன். கார்பைனைத் தாண்டி, வேறு தொழில்காரர்கள் செய்த துப்பாக்கிகளில் எனக்கு மிகப் பிடித்தது ஸ்மித்-கொரோனாவின் 03ஏ3, அதே போர்க்கால ராணுவ ரைபிள். சிராக்யூஸ் டைப்ரைட்டர் ஆலை. 1942 அக்டோபரிலிருந்து 1944 தொடக்கம் வரை இரண்டேகால் லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். துப்பாக்கிக் கம்பெனியான ரெமிங்டன் செய்தது அதைப் போல மூன்று மடங்கு. அதனால் ஸ்மித்-கொரோனாவுக்கு விலை கொஞ்சம் கூட.

இதில் ஒரு சுவையான சுற்று இருக்கிறது. அந்த ஸ்மித், அதாவது எல். சி. ஸ்மித், 19-ம் நூற்றாண்டில் ஷாட்கன் செய்து பெயர் வாங்கியவர். துப்பாக்கித் தொழிலை விற்றுவிட்டு டைப்ரைட்டருக்குப் போனார். அரை நூற்றாண்டு கழித்து, அவர் காலமான பிறகு, அவர் பெயர் மீண்டும் துப்பாக்கியில் ஏறியது.

டிராக்டர் கம்பெனியும் உண்டு. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், இந்தியானா மாநிலம் எவன்ஸ்வில்லில் 1950-களில் காரண்டு ரைபிள் செய்தது. கொரியப் போர்க்கால ஒப்பந்தம். நம் ஊர் வயலில் மஹிந்திராவுக்குப் பக்கத்தில் "இன்டர்நேஷனல்" என்று எழுதிய பழைய டிராக்டரைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அதே பெயர்தான். அவர்களும் திணறினார்கள். ரிசீவரில் ஒரு பகுதியை ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச்சாலையிலிருந்து வாங்கி, தங்கள் பெயர் பொறித்துப் போட்டார்கள். இங்கும் கதம்பம்.

2021 மார்ச் 6

கேட்டவர் படங்கள் அனுப்பிவிட்டார். பார்த்ததை எழுதுகிறேன்.

கட்டையில் "ஏஏ" முத்திரை இருக்கிறது. அகஸ்டா ஆயுதக் கிடங்கு. அப்படியென்றால் இது ஒரு தடவை முழுசாகப் பிரித்துப் பழுது பார்க்கப்பட்டது. பின் சைட் (குறி பார்க்கும் பாகம்) திருகி நகர்த்தும் வகை. ஆலையில் முதலில் போட்டது இரண்டு ஓட்டை கொண்ட மடக்கு வகையாக இருந்திருக்கும். முன் வளையத்தில் பயனெட் மாட்டும் கொக்கி, அதுவும் பிற்காலச் சேர்க்கை. சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தான்) அழுத்துவது அல்ல, திருப்புவது. மேகசினை (தோட்டாப் பெட்டியை) விடுவிக்கும் பொத்தானும் அழுத்தும் சேஃப்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால், சண்டையில் ஆட்கள் அவசரத்தில் மாற்றி அழுத்தி மேகசினைக் கீழே போட்டார்கள். அதனால் வந்த மாற்றம் அது. வெளிநாடு போய்த் திரும்பி வந்தவற்றில் இறக்குமதியாளர் பெயர் பொறித்திருக்கும், இதன் குழலில் அது இல்லை. எனவே 1980-களில் கொரியாவிலிருந்து திரும்பி வந்த கூட்டத்தில் இது இல்லை. 1963-ல் தேசிய ரைபிள் சங்க உறுப்பினர்களுக்கு இருபது டாலருக்கு அரசு விற்ற கார்பைன்களில் ஒன்றாக இருக்கலாம். அந்த வீட்டுக்காரர்களிடம் பழைய ரசீது ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் காகிதம் கிடைத்தால் போல்டைவிட அதற்குத்தான் மதிப்பு.

ஆக, உங்கள் இன்லேண்டு போல்ட் அநேகமாகக் கிடங்கில் ஏறியது. ஆலையிலேயே கதம்பம் என்று பிப்ரவரி 9-ம் தேதி நான் எழுதியது உங்களுக்குப் பொருந்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் பதில் அதேதான். அகஸ்டாவில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் சேர்த்ததும் இந்தத் துப்பாக்கியின் வாழ்க்கைதான். ஜூக்பாக்ஸ் ஆலையில் பிறந்ததை ஒரு ராணுவக் கிடங்கு இன்னொரு வேலைக்குத் தயார் செய்திருக்கிறது. அதை நீங்கள் 1943-க்கு இழுத்துக்கொண்டு போனால், நடுவில் உள்ள வருடங்கள் எங்கே போகும்?

குழலின் உள்பக்கம் பளபளப்பாக இருப்பதைப் பார்த்து வியந்தீர்கள். கார்பைன் தோட்டாவுக்கு அமெரிக்கா ஆரம்பத்திலிருந்தே துருப்பிடிக்க வைக்காத ப்ரைமர்தான் (தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் மருந்து) போட்டது. அதே காலத்து ரைபிள் தோட்டாக்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதனால் நல்ல கார்பைன் குழல் கிடைப்பது அரிதல்ல.

2021 மார்ச் 7

முக்கியமானது, நேற்றே எழுதியிருக்க வேண்டும். பழுதுபார்த்த கார்பைன்களில் சில சமயம் எம்2 பாகங்கள் இருக்கும். எம்2 என்பது தானியங்கியாகச் சுடும் வகை. எம்2 கட்டை மட்டும் இருந்தால் கவலையில்லை. உள்ளே வேறு எம்2 பாகம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், விவரம் தெரிந்த, உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடம் உடனே காட்டுங்கள். மெஷின்கன் சட்டத்தில் தெரியாமல் செய்தேன் என்பது எடுபடாது.

2021 மார்ச் 20

எழுத்து பொறித்த பாகம் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போன வருடம் ஒருவரிடம் தபாலில் ஒரு கட்டை வாங்கினேன். குறுக்குப் பீரங்கி முத்திரை, அதாவது ராணுவம் ஏற்றதற்கான அடையாளம், அவ்வளவு கூர்மையாக இருந்தது. கையில் வாங்கிய பிறகுதான் தெரிந்தது: கட்டை முழுக்க அடிபட்டிருக்கிறது, முத்திரைக்குள் மட்டும் மரம் வெளிறிப் புதிதாக இருக்கிறது. எனக்கு விற்பதற்குச் சற்று முன் அடித்த முத்திரை. பணம் திரும்ப வரவில்லை. பழைய மரத்தில் பழைய முத்திரை என்றால் அடிபட்ட தழும்பு முத்திரையின் மேல் ஓட வேண்டும். தழும்பின் மேல் முத்திரை ஓடினால் விலகிவிடுங்கள்.

மடக்குக் கட்டை கொண்ட பாராசூட் வீரர் வகையை, அதாவது எம்1ஏ1-ஐ, செய்தது இன்லேண்டு மட்டும்தான், சுமார் 1,40,000. வேறு பெயர் பொறித்த ரிசீவரில் மடக்குக் கட்டையை மாட்டி "ஆலையில் வந்தபடியே" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம்.

2021 ஏப்ரல் 3

கேட்டவர் எழுதியிருக்கிறார், அப்படியே விட்டுவிட்டாராம். ரசீதும் கிடைக்கவில்லையாம். பெரியவரின் மகள் சொன்னது மட்டும்: அப்பா தோட்டத்தில் மர்மோட் (மண்ணில் வளை தோண்டும் பெரிய அணில் வகை) சுடுவதற்கு வைத்திருந்தார். அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தேதியோடு.

2021 ஜூலை 18

போர்ட் கிளின்டன் பக்கம் போயிருந்தேன். அங்கிருந்து கேம்ப் பெர்ரி கிட்டே, ரைபிள் போட்டிகள் நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கும் மைதானம். ஏரிக்காற்றில் சுடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த ஊரில் செய்த துப்பாக்கியை இந்த ஊருக்கே எடுத்துப் போனேன், அவ்வளவுதான் காரணம்.

பாகங்களை வாங்கிய அந்த மேசைக்காரரையும் தேடினேன். கண்டுபிடித்துவிட்டேன். எட்டு வருடத்துக்கு முன் வாங்கிய பை அவருக்கு நினைவில்லை, நினைவிருக்கவும் முடியாது. ஆனாலும் தன்னிடம் இருந்த வின்செஸ்டர் போல்ட்களை எல்லாம் ஒரு டப்பாவில் கொண்டுவந்து வைத்தார். பதினொன்று இருந்தன. 2013-ல் வாங்கிய அன்று போனில் எடுத்த ஒரே ஒரு படம் என்னிடம் உண்டு. போல்டின் வலது முனையில் சின்னதாக ஒரு பிறைக் கீறல் தெரியும். பதினொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

படத்தை அச்செடுத்து, என்னென்ன எழுத்து எந்தெந்தப் பாகத்தில் இருந்தது, எதை எப்போது மாற்றினேன் என்று பின்னால் எழுதி, கார்பைன் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பிறைக் கீறலோடு ஒரு வின்செஸ்டர் போல்ட் உங்களில் யாருக்காவது கிடைத்தால் எழுதுங்கள். என்ன விலை சொன்னாலும் சரி.